வேர் இல்லாத தட்டுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி கழுவும் தொட்டிக்கு மேலே, குழாய்க்குப் பக்கத்தில், ஒரு பெட்ரி தட்டின் மூடிக்குள் அரைக்கட்டி மஞ்சள் சோப்பு இருக்கிறது. துணி துவைக்கிற பார் சோப்புதான். காய்ந்து, குறுக்கே வெடித்து, ஓரமெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கிறது. அதை யாரும் தொடக்கூடாது என்பது இங்கே சட்டம். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "இன்னாக்கா இத்தப் போயி சாமி மாதிரி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். கை வைத்தால் வேலை போய்விடும் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். பாதி விளையாட்டு, பாதி உண்மை. இந்தச் சோப்பால் ஒரு கொட்டகை நிறையப் பெண்களுக்கு வேலை போனது உண்டு. இங்கிருந்து வெளியே போகத் துடித்த ஒருவருக்குக் கதவு திறந்ததும், திறந்த கதவை அவரே சாத்தியதும் இந்தச் சோப்பால்தான். அவரை நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டோம். சோப்பை அங்கே வைத்ததும் அவர்தான்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், தகரம் வெட்டும் பட்டறைக்கும் பிளாஸ்டிக் குடம் வார்க்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் இடம். பூஞ்சை வளர்க்கிறோம் என்று கல்யாண வீட்டில் யாரிடமாவது சொன்னால், காளானா என்று கேட்பார்கள். காளான் இல்லை. பயிரின் வேருக்குள் குடியேறி, அங்கிருந்து தலைமுடியை விட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டி, வேருக்கு எட்டாத இடத்திலிருந்தெல்லாம் சத்தும் ஈரமும் கொண்டு வந்து கொடுக்கும் ஒரு பூஞ்சை. உழவர்கள் அதை எரு மாதிரி வாங்கிப் போடுகிறார்கள். மூட்டையில் வேர் உட்பூசணம் என்று அச்சடித்திருக்கும். இவ்வளவு உழைக்கிற இந்தப் பூஞ்சைக்கு ஒரு குறை உண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ள அதற்குத் தெரியாது. கொழுப்பமிலம் வேரிலிருந்துதான் வர வேண்டும். டாக்டரம்மா இதைச் சொல்லும்போது எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார்: "இதுக்கு அடுப்பு இருக்கு, சட்டி இருக்கு. எண்ணெ மட்டும் பக்கத்து வூட்லதான் வாங்கணும்." அதனால் இதை வளர்க்க வேண்டுமென்றால் செடியையும் சேர்த்தே வளர்க்க வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் நிழல்வலைக் கொட்டகையில் சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. பெண்கள் அதில் மக்காச்சோளம் விதைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்து, பிறகு தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தாளை அறுத்துப் போட்டுவிட்டு வேரைத் தோண்டி எடுத்துப் பொடியாக நறுக்குவார்கள். சோளக்கதிருக்காக அல்லாமல் வேருக்காகச் சோளம் வளர்க்கும் விவசாயம் இது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அம்மா இந்தக் கொட்டகைக்குத்தான் வந்தார். அவர் வந்து சில வருடம் கழித்து, நுண்ணுயிரியல் படித்துவிட்டு நான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். அம்மா வெயிலில் இருந்தார், நான் அடைத்த அறையில் இருந்தேன். எது மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடைத்த அறை என்றது சும்மா இல்லை. தூசியோடு வேறு பூஞ்சை உள்ளே வந்துவிடும் என்பதால் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வாசலுக்கு இரண்டு கதவு. வெளிக்கதவு சாத்தினால்தான் உள்கதவு திறக்கும். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம். மின்சாரம் போனால் அந்த நடு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டாக்டரம்மா ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டபோது நான் உள்ளே இருந்து, "மேடம், பயப்படாதீங்க, ஜெனரேட்டர் போட்டுடுவாங்க" என்று கத்தினேன். "எனக்கு இது பழக்கம்தான். வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இங்கதான் நின்னுட்டிருக்கேன்" என்று பதில் வந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா என்றால் ஊசி போடும் டாக்டர் அல்ல. வேர்ப் பூஞ்சைகளில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். ஊர் புதுச்சேரிதான். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நகரத்துக்குள் வீடு. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் தெரியும். உயரமாக, ஒல்லியாக, எப்போதும் அவசரமாக இருப்பார். யாராவது நிறுத்தி நிதானமாகப் பேசினால் அவர் கால் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்துவிடும். ஆனால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் மணிக்கணக்கில் அசையமாட்டார். தட்டு உடைந்தால் பிரெஞ்சில் "மெர்து!" என்பார், உடனே சிலுவை போட்டுக்கொள்வார். அம்மா அதை ஐயோ மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் பால் பொங்கி வழிந்தபோதெல்லாம் சொல்லிப் பழகி, ஒரு நாள் கொட்டகையில் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டார். டாக்டரம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அர்த்தம் என்னவென்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மாவை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. படித்தவர்கள் வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து கடைசியாக வாங்கிய பட்டம் வரை எல்லாம். சொன்ன காலத்துக்கு முன் வேலையை விட்டு ஓடிவிடக்கூடாது என்பதற்காக. முதலாளியின் அறையில் ஒரு பச்சை பீரோ, அதன் கதவில் குங்குமம் வைத்த சாமி படம். அந்தப் பீரோவுக்குள் டாக்டரம்மாவின் படிப்பு முழுவதும் இருந்தது. கீழ்த்தட்டில் என்னுடையதும் இருந்தது. டாக்டரம்மாவுக்கு மூன்று வருட பாண்டு. மூன்று வருடம் முடிந்தது. கேட்டார். "பத்திரமா இருக்கும்மா, ஆடி போகட்டும்" என்றார் முதலாளி. ஆடி போனது. "ஆடிட்டர் வந்துட்டுப் போவட்டும்" என்றார். பிறகு சாவி வீட்டில் இருக்கிறது என்றார். பிறகு, "உங்களுக்கு இங்க இன்னா கொறச்சல் டாக்டரம்மா, சொல்லுங்க, செஞ்சி தரேன்" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

போலீசுக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். முதலாளி கெட்டவராக இருந்திருந்தால் டாக்டரம்மா போயிருப்பார். ஆனால் டாக்டரம்மாவின் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பகல் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தவர் அந்த முதலாளி. அப்பா இறந்தபோது கல்லறை வரை நடந்து வந்தவர். நம்ம வீட்டுப் பொண்ணு என்று நாலு பேரிடம் சொல்பவர். வாரா வாரம் முதலாளி வீட்டிலிருந்து டாக்டரம்மாவுக்குக் கேரியரில் சாப்பாடு வரும். திட்டிவிட்டுப் போகலாம் என்றால் திட்டுவதற்கு ஒரு வார்த்தை கிடைக்காது. டாக்டரம்மாவின் தங்கை பிரான்சில் குடியிருந்தார். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், இதே பூஞ்சையை வைத்து வேலை செய்யும் குழுவில் இவருக்கு இடம் பேசி வைத்திருந்தார். ஒரிஜினல்களைக் காட்டினால் போதும், சேர்ந்துவிடலாம். தங்கை போன் செய்வார், இவர் மாடிப்படிக்குக் கீழே நின்று பிரெஞ்சும் தமிழும் கலந்து மெதுவாகப் பதில் சொல்வார். உள்ளே திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பார்.

இந்த நிலையில்தான் சோப்பு வந்தது. கொட்டகையில் வேலை இல்லாத நேரங்களில் அம்மாதான் எங்கள் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கொடுப்பார். அதற்கென்று தனியாக ஒரு திரவம் உண்டு, நுரையே வராது, வாசனையும் இருக்காது. ஒரு முறை அது தீர்ந்துபோய், வாங்கி வர வேண்டியவர்கள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் போர் மோட்டாரும் பழுதாகி, தண்ணீர் லாரியில் வந்தது. அம்மா வீட்டிலிருந்து, எங்கள் தெருவில் தேங்காயெண்ணெயில் காய்ச்சி விற்கிற மஞ்சள் சோப்பைக் கொண்டு வந்து தேய்த்து, தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டுமே என்று மூன்று முறை அலச வேண்டியதை ஒரே முறை அலசி அடுக்கிவிட்டார். தட்டு பளபளவென்று இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் பூஞ்சை வித்துகளை வேரோடு சில தட்டுகளிலும், வேர் இல்லாமல் சில தட்டுகளிலும் வைப்போம். வேர் இல்லாத தட்டுகள் வித்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். வித்து முளைக்கும், இழை நீட்டும், கொஞ்ச தூரம் போய்த் தேடும். வேர் கிடைக்காது. அப்போது அது செய்வதைப் பார்த்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். நீட்டிய இழையிலிருந்து தன் உயிர்ச்சாறை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு, வெறும் குழாயை வெளியே விட்டுவிட்டு, வித்துக்குள் சுருண்டு அடங்கிவிடும். கையிருப்புக் கொழுப்பு தீர்ந்தால் கதை முடிந்தது. எல்லாத் தட்டிலும் எப்போதும் இப்படித்தான் நடக்கும். அந்த முறை நடக்கவில்லை. வேர் இல்லாத தட்டுகளில் இழைகள் ஓடிக்கொண்டே இருந்தன. கிளை விட்டன. சில தட்டுகளில், இழை நுனியில் பொடிப் பொடியாகப் புது வித்துகள் தொங்கின.

டாக்டரம்மா முதலில் என்னைத் திட்டினார், வேர்த் துண்டு எங்கோ கலந்துவிட்டது என்று. பிறகு தன்னையே திட்டிக்கொண்டார். ஒவ்வொரு தட்டாக எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். வேர் எதுவும் இல்லை. கடைசியில், அதே அடுக்கில் பயன்படுத்தாமல் மிச்சமிருந்த ஒரு காலித் தட்டைத் திறந்து மூக்கருகே கொண்டு போனார். முகம் மாறியது. இரண்டு கதவையும் தாண்டிக் கொட்டகைக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா வேர் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிளேட் எதால கழுவினீங்க?"

அம்மாவுக்குக் கை நின்றுவிட்டது. "தெரியாம பண்ணிட்டேன் டாக்டரம்மா. அந்த தண்ணி மருந்து தீந்துபோச்சி. எங்க வூட்டு சோப்பு போட்டுட்டேன். எல்லாம் கெட்டுப் போச்சா?"

"கெடலக்கா" என்றார் டாக்டரம்மா. "உங்க சோப்பத் தின்னுட்டு வளந்துகிட்டு இருக்கு."

சோப்பு என்பதே கொழுப்பமிலத்தின் உப்புதானே. தேங்காயெண்ணெய்ச் சோப்பில் மிரிஸ்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சரியாக அலசாத தட்டில் ஒட்டியிருந்த அந்த ஈயிறகு கனத்துப் படலத்தை நக்கித் தின்றுதான், பக்கத்து வீடு இல்லாமலே எங்கள் பூஞ்சை எண்ணெய் கண்டுபிடித்திருந்தது. வேறு நாடுகளில் சுத்தமான கொழுப்பமிலம் கொடுத்து இப்படி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனால் எங்கள் தட்டில், எங்கள் கண்ணெதிரே, அம்மாவின் சோப்பில் நடக்கும் என்று அவரும் நினைக்கவில்லை. அன்று அவர் அம்மாவிடமிருந்து அந்த அரைக்கட்டியை வாங்கித் தட்டு மூடியில் வைத்தார். "இனிமே இத்த யாரும் தொடக்கூடாது, இது சயன்ஸ்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேரில்லாமல் அது பிழைக்கும் என்பதில் அவருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு அப்போதே புரிந்தது.

சந்தோஷத்தை முதலாளியிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அவர் தட்டைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. தன் அறை ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். "அப்ப சோளம் வேணாம். தொட்டி வேணாம். தண்ணி வேணாம்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆள் வேண்டாம் என்பதைச் சொல்லவில்லை. ஒரு பெரிய தொட்டியில் கொழுப்பமிலத்தைக் கரைத்து, பூஞ்சையைத் தனியாக வளர்த்து, பொடியில் கலந்து மூட்டை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார். இதெல்லாம் மண்ணில் வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பாருங்கள், ஆனால் சீக்கிரம் பாருங்கள் என்றார் முதலாளி.

பார்த்தார். அந்த மாதங்கள் முழுக்க டாக்டரம்மா கூடவே நானும் இருந்தேன். சுத்தமான மிரிஸ்டிக் அமிலம் வரவழைத்து, நன்றாக அலசிய தட்டுகளில் மறுபடி செய்தோம். வளர்ந்தது. ஆனால் வந்த வித்துகள் சின்னவை, வேரில் வளர்ந்த வித்துகளுக்குப் பக்கத்தில் வைத்தால் குறைமாதப் பிள்ளை மாதிரி இருந்தன. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்திலிருந்து மண் கொண்டு வந்து தொட்டிகளில் நிரப்பி, இந்த வித்துகளைப் போட்டுக் கத்தரி நட்டோம். வேரைப் பிடுங்கிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, உள்ளே போயிருந்தவை அங்கொன்றும் இங்கொன்றும்தான். சரி, மண்ணிலேயே கொழுப்பமிலத்தை ஊற்றிப் பார்க்கலாம் என்று ஊற்றினோம். ஆய்வுக்கூடத்துத் தட்டில் அது ஒன்றுதான் குடியிருந்தது. மண்ணில் அப்படியா? கொழுப்பு என்றதும் எங்கெங்கோ இருந்த பாக்டீரியாக்களெல்லாம் பந்திக்கு முந்திக்கொண்டன. எங்கள் பூஞ்சைக்கு இலை போடவே இடமில்லை. மண் நாறியது. கத்தரி வெளுத்தது.

அதை விட எனக்கு மறக்காதது வேறு. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்த தட்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் கொழுப்பமிலமும் பூஞ்சையும், மறுபக்கம் கேரட் வேர். தடுப்பின் உயரத்துக்குப் பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊற்றியிருந்ததால் இழை நினைத்தால் தாண்டிப் போகலாம். கொழுப்பு இருக்கும் பக்கத்திலேயே சுகமாக இருக்கும் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியைக் காட்டினார். இழைகள் எல்லாம் தடுப்பை நோக்கித் திரும்பியிருந்தன. சுற்றிலும் சாப்பாடு இருந்தும் வேர் இருக்கும் திசைக்கு ஓடிக்கொண்டிருந்தன. "பாரேன் இந்த முட்டாள" என்றார். குரலில் கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் குடுத்தேன். மறுபடியும் அங்கேயே போய் மாட்டிக்குது."

பருவம் தொடங்கும் முன் மூட்டை வெளியே போக வேண்டும் என்று முதலாளி அவசரப்பட்டார். சரக்கு தரமானது என்று பட்டம் வாங்கிய ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். ஒரு சனிக்கிழமை மதியம் டாக்டரம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் தட்டுகளோடு போயிருந்தேன். பச்சை பீரோ திறந்திருந்தது. மேசை மேல் ஒரு பக்கம் கையெழுத்துப் போட வேண்டிய தாள், இன்னொரு பக்கம் டாக்டரம்மாவின் ஒரிஜினல்கள், பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாம், ரப்பர் பேண்டு போட்டு.

"நான் ரொம்ப நாளு உங்கள புடிச்சி வச்சிக்கினேன் டாக்டரம்மா. தப்புதான். இத்த முடிச்சிக் குடுத்துட்டு சந்தோஷமா கெளம்புங்க. ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி அனுப்பறேன்" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

டாக்டரம்மா ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார். கொட்டகைக்கு வந்து தலைகீழாகக் கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார். மக்காச்சோளம் தலைக்கு மேல் நின்றது. கால் தரையைத் தட்டவில்லை. விஷயம் அதற்குள் கொட்டகை முழுவதும் தெரிந்துவிட்டது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை அவர்களுக்கு வேலை இல்லை. அம்மாதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார்.

"போட்டுடுங்க டாக்டரம்மா" என்றார். "நாங்க எங்கனா பொழச்சிக்குவோம். எங்க அண்ணி தவளக்குப்பத்துல மீன் போடுது, நானும் போய் குந்திக்கறேன். நீங்களாச்சும் இங்கேர்ந்து போயிடுங்க. எத்தினி வருசமா பாக்கறேன், கூண்டுல போட்ட மாதிரி."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார். "உங்களுக்காக நான் போடாம இருக்கப் போறேன்னு நெனச்சீங்களா அக்கா? அவ்ளோ நல்லவ இல்ல நான். நீங்க யாருமே இல்லைன்னா இன்னும் சுலபமா இருக்கும். அது வேல செய்யலக்கா. வேல செய்யலன்னு என் கண்ணால பாத்துட்டேன். பாத்தத பாக்கலன்னு எழுதிட்டு அங்க போயி, மறுபடியும் அதே மைக்ராஸ்கோப்புல எப்டி கண்ண வைப்பேன்?" அம்மாவுக்கு மைக்ராஸ்கோப்பைப் பற்றிச் சொன்னது புரிந்ததோ இல்லையோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா அந்தக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, முதலாளி அறைக்குப் போய், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். பீரோ மூடும் சத்தம் வராந்தா வரை கேட்டது.

அதனால் கொட்டகை பிழைத்ததா என்றால் இல்லை. வேறொரு ஊரில் கையெழுத்துப் போட ஒருவர் கிடைத்தார். மூட்டைகள் போயின. சோளம் விதைப்பதை நிறுத்தினார்கள், அம்மா தவளக்குப்பத்தில் அண்ணிக்குப் பக்கத்தில் பலகை போட்டு மீன் விற்க உட்கார்ந்தார். பிரான்சில் டாக்டரம்மாவுக்கு வைத்திருந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கவும் இல்லை. கேரியரில் சாப்பாடு வருவது மட்டும் நின்றது. அவர் வருவார், இரண்டு கதவையும் தாண்டி உட்காருவார், அவருக்குக் கொடுக்க வேலை இருக்காது. வேர் இல்லாத தட்டுகளைத் தானாகவே வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் அறைக்குள் மூச்சு விடுவதே எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு பருவம் கழித்து, பயிர் ஒன்றும் தெளியவில்லை என்று மூட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலாளி பேசாமல் கொட்டகையைத் திறந்து, சோள விதை வாங்கிப் போட்டார். பழைய பெண்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், அம்மாவும் வந்தார். முதல் சோளம் முளைத்த வாரம் டாக்டரம்மா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய் ஷேர் டெம்போ ஏறினார். ஒரிஜினல்களைக் கேட்கவில்லை. மறுநாள் வரவில்லை.

அவர் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பட்டம் சின்னது, வேலை அதேதான். போன வருடம் முதலாளி படுத்துவிட்டார். அவர் மகன் அறையைக் காலி செய்தபோது பச்சை பீரோவைத் திறந்து, என்னைக் கூப்பிட்டு இரண்டு கட்டுகளைக் கையில் கொடுத்தான். "இதெல்லாம் அப்பா எதுக்கு வச்சிருந்தாரோ தெரியல. உங்களோடது எடுத்துக்கங்க. இன்னொண்ணு யாருதுன்னு பாத்து குடுத்துடுங்க" என்றான். இத்தனை வருடம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது, ஒரு வாக்கியத்தில் கைக்கு வந்துவிட்டது.

டாக்டரம்மாவின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. தலை நரைத்திருந்தது, கால் பழையபடி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். கட்டைப் பிரித்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எவ்ளோ நல்ல மார்க்கு வாங்கியிருக்கேன் பாரு" என்று சிரித்தார். டாக்டர் பட்டத்தைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து அரிசி டின் மேல் வைத்துவிட்டு, எனக்கு டீ போட்டார்.

"உன்னோடது?" என்று கேட்டார்.

"குடுத்துட்டாங்க மேடம். வீட்ல இருக்கு."

"அப்பறம் இன்னும் அங்க இன்னா பண்ற?"

அதட்டிக் கேட்கவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்பாரே, அந்தக் குரலில், உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். வேறு வேலை கிடைப்பது கஷ்டம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. பீரோ பூட்டியிருந்தவரை நான் அங்கிருந்து போக முடியாதவள். அதில் ஒரு நிம்மதி இருந்திருக்கிறது. இப்போது கதவு திறந்து கிடக்கிறது, என்னைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று கேட்டால் கை காட்ட ஆள் இல்லை. டெம்போவில் வரும்போது எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரம்மா தன் படிப்பையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறிய அதே டெம்போ வழி. நான் எல்லாம் கைக்கு வந்த பிறகும் அதில் எதிர்த்திசையில் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குப் போனேன். கேட்டில் யாரும் என்னை நிறுத்தவில்லை, யாரும் கட்டாயப்படுத்தி உள்ளே கூப்பிடவும் இல்லை. கொட்டகையில் சோளத்துக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கழுவும் பெண் புதிது. கை கழுவக் குழாயடிக்கு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, வெடிச்சிப் போச்சே இது, எடுத்துப் போட்டுடவா?" என்று மஞ்சள் சோப்பைக் கையில் எடுத்துக் காட்டியிருக்கிறாள், பிறகுதான் சொன்னாள். உள்கதவின் தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் இன்னும் இரண்டு கதவுக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கும் அந்த இடத்தில்தான் நின்றிருந்தேன். வந்த வழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பின்னால் கை நீட்டி வெளிக்கதவை நானே இழுத்துச் சாத்தினேன். உள்கதவு திறந்தது. போய் அவள் கையிலிருந்து சோப்பை வாங்கி, தட்டு மூடிக்குள் பழையபடி வைத்தேன்.